கோப்பில் இருந்த என் வாக்கியம்

அன்றைக்கு அன்ரன் கோட் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

குளிருக்குப் போடுகிற தடித்த ஜாக்கெட்டைச் சொல்லவில்லை. ஞாயிறு பூசைக்கும் கல்யாண வீட்டுக்கும் போடுகிற கறுப்புக் கோட். உள்ளே மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை. பக்கத்தில் அவருடைய மனைவி ஜெசிந்தா, மடியில் கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி இருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் பாடசாலை அதிபரும், உளவியலாளரான ஓர் இளம்பெண்ணும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில், மேசையின் குறுகிய முனையில், நான்.

குளிர்காலம் முடிகிற நேரம். மொன்றியலின் செயின்ட்-மிஷேல் தெருக்களில் பனி கறுத்து, உப்பும் சேறுமாகக் கிடந்தது. அறையின் ரேடியேட்டர் டக் டக்கென்று சத்தமிட்டுச் சூடேறிக்கொண்டிருந்தது. அதன்மேல் யாரோ காயப்போட்டிருந்த கம்பளிக் கையுறையிலிருந்து ஈர ஆட்டு மயிரின் மணம் வந்தது.

மேசை நடுவில் ஒரு பழுப்பு நிறக் கோப்பு. அதன்மேல் டிலானி என்று எழுதியிருந்தது. அவர்களுடைய ஒரே மகள். ஒன்பது வயது.

நான் அந்தப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியை. ஆனால் அன்று மொழிபெயர்க்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கட்டடத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "அவர்கள் சொல்வதை இவர்களுக்குச் சொல்லுங்கள், இவர்கள் சொல்வதை எங்களுக்குச் சொல்லுங்கள். உங்கள் கருத்து எதுவும் வேண்டாம்," என்று அதிபர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

அன்ரன் என் பக்கம் சரிந்து மெதுவாகக் கேட்டார். "ரீச்சர், கையெழுத்து இப்பவே வைக்கலாமோ, பேந்தோ?"

அவர் சந்தோஷமாக இருந்தார். பிறகு வைக்கலாம் என்று கோப்பைப் பார்த்தபடியே சொன்னேன்.

ஸ்பெஷல் வகுப்பு

இந்த வாராந்தப் பத்தியில் மாணவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் என்னை நல்லவளாகவே காட்டிக்கொள்கிறேன் என்று ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. எழுதுகிறவள் நானாக இருக்கும்போது அது தானாகவே நடந்துவிடுகிறது. இந்த வாரம் அப்படி நடக்காது என்று நினைக்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன் அன்ரன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள் என்பதால் என் இலக்கம் அவரிடம் இருந்தது. பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறதாம். அதில் ஒரு வசனம் மட்டும் அவருக்கு விளங்கியதாம்.

"கிளாஸ் ஸ்பெசியால் எண்டு போட்டிருக்கு. ஸ்பெஷல் வகுப்பு எண்டுதானே ரீச்சர்? பிள்ளையை ஸ்பெஷல் வகுப்புக்கு எடுக்கினமாம்."

அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். படிப்பில் கடுமையான கஷ்டம் உள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பு. வேறு பாடசாலையில், பத்துப் பிள்ளைகளோடு, தனி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். சில பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே நல்ல இடம். ஆனால் அன்ரனின் காதில் ஸ்பெஷல் என்ற சொல் ஸ்பெஷல் சாப்பாடு, ஸ்பெஷல் பூசை என்பதுபோலத்தான் விழுந்திருந்தது.

கோப்பைப் பற்றிப் பெற்றோரிடம் முன்கூட்டியே எதுவும் பேசக்கூடாது என்பது விதி. "கூட்டத்துக்கு வாங்கோ அன்ரன், அங்கை வடிவாச் சொல்லுவினம்," என்று மட்டும் சொன்னேன்.

அவர் அடுத்த ஞாயிறு தேவாலய வாசலில் நாலு பேரிடம் அதைச் சொல்லிக்கொண்டு நின்றார். நான் பக்கத்து வாசலால் வெளியேறினேன்.

இங்கிலிஷ் ரீச்சர்

மொன்றியல் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இந்த மாகாணத்தில் குடியேறி வருகிறவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்குத்தான் போக வேண்டும். புதிதாக வந்த பிள்ளைகளை முதலில் வரவேற்பு வகுப்பு என்று ஒன்றில் வைத்துப் பிரெஞ்சு பழக்குவார்கள். ஆங்கிலம் கிழமைக்கு ஓரிரண்டு பாடவேளை. அதைப் படிப்பிக்க ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகிறவள் நான். எனக்கென்று ஓர் அறை இருக்கவில்லை. வண்டிலின் ஒரு சில்லு கிறீச்சிடும். பிள்ளைகளுக்கு நான் வருவது அந்தச் சத்தத்தில்தான் தெரியும்.

ஆனால் எங்கள் பெற்றோருக்கு நான்தான் பெரிய ஆள். பிரெஞ்சு ஆசிரியையைக் கண்டால் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், என்னைக் கண்டால் நின்று கதைப்பார்கள். எல்லாருக்கும் ரொறன்ரோவில் ஒரு அண்ணனோ மச்சாளோ இருக்கிறார்கள். பிள்ளைக்கு இங்கிலிஷ் வந்துவிட்டால் ஒரு நாள் தாங்களும் அங்கே போய்விடலாம் என்று ஒரு கணக்கு. உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அன்ரனும் அப்படித்தான். "பிரெஞ்சு வந்தாலும் வராட்டிலும் பரவாயில்லை ரீச்சர். இங்கிலிஷைப் பிடிச்சிட்டாளெண்டால் காணும்."

நான் பதினான்கு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவள். முதல் வருடம் வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. நிற்பேன், எல்லாரும் சிரிப்பார்கள், கதிரையில் இருந்துவிடுவேன். அந்த அனுபவம் உள்ளவள் மற்றப் பிள்ளைகளுக்கு அதைச் செய்யமாட்டாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

டிலானியின் பெற்றோர் மன்னார்க்காரர். அவள் பிறந்து வளர்ந்தது தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில். இங்கே வந்து ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடத்தில் பாடசாலையில் அவள் வாயைத் திறந்ததே இல்லை. எந்த மொழியிலும் இல்லை. அடித்து விளையாடும்போதுகூடச் சத்தமில்லாமல் ஓடுவாள் என்று வகுப்பாசிரியை எழுதியிருந்தார்.

இரண்டாம் பக்கம்

உளவியலாளர் கோப்பைத் திறந்தார். நல்ல பெண். ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தி, நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். வகுப்பு எங்கே இருக்கிறது, எத்தனை பிள்ளைகள், என்ன படிப்பிப்பார்கள் என்று விளக்கினார். நான் சொல்லச் சொல்ல அன்ரனின் முகம் மாறிக்கொண்டு வந்தது.

"அப்ப ஸ்பெஷல் எண்டது கெட்டிக்காரப் பிள்ளையளுக்கு இல்லையோ?"

"இல்லை அன்ரன். படிக்கக் கஷ்டப்படுற பிள்ளையளுக்கு."

அவர் கோட்டின் பொத்தானைக் கழற்றினார். திரும்பவும் பூட்டினார். "போனால் திரும்பி வரலாமோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். "சிலர் வருகிறார்கள். பலர் வருவதில்லை," என்றார் உளவியலாளர். பொய் சொல்ல விரும்பாத பெண்.

வீட்டில் பிள்ளை பேசுமா என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். அன்ரன் அதில் 'குறைவு' என்பதற்கு நேரே கோடு போட்டிருந்தார். எனக்கு அது ஏனென்று உடனே விளங்கியது. எங்கள் ஆட்களிடம் பாடசாலைக்காரர் பிள்ளையைப் பற்றிக் கேட்டால், அடக்கமான பிள்ளை, வாய் காட்டாது என்றுதான் சொல்வார்கள். அது பிள்ளைக்குக் கொடுக்கிற நற்சான்றிதழ். அங்கே அது நோயின் அறிகுறியாகப் பதிவாகியிருந்தது.

"சாதாரணமாக, புதிதாக வந்த பிள்ளை பேசாமல் இருந்தால் நாங்கள் பொறுத்திருப்போம்," என்றார் உளவியலாளர். "புதிய மொழிதான் காரணம் என்று நினைப்போம். இங்கே அப்படி நினைக்க முடியவில்லை. ஏனென்றால், இதோ," என்று இரண்டாம் பக்கத்தைத் திருப்பி வாசித்தார். "'தாய்மொழியில் சொல்லப்படும் எளிய கட்டளைகளைக்கூட இந்தப் பிள்ளை புரிந்துகொள்வதில்லை.'"

அது என் வசனம்.

அந்தக் குளிர்காலம் தொடங்கிய நேரம், தவணை அறிக்கை எழுதியபோது நான் எழுதியது. இரண்டு பாடசாலைகளில் ஏறத்தாழ நானூறு பிள்ளைகளுக்கு நான் அறிக்கை எழுத வேண்டும். அன்று வகுப்பில் டிலானியின் காதருகே குனிந்து, "புத்தகத்தை எடு பிள்ளை," என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அசையவில்லை. அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அந்த வசனத்தை எழுதிவிட்டு வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனேன்.

இப்போது எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேவாலயத்து ஆட்களுக்காக எத்தனையோ வைத்தியசாலைகளிலும் அலுவலகங்களிலும் மொழிபெயர்த்திருக்கிறேன். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியும். என் செய்தியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த வசனத்தை மாற்றிச் சொல்லலாம். விட்டுவிட்டும் போகலாம். அந்த அறையில் யாருக்கும் தெரியவராது. இவ்வளவும் ஓரிரண்டு விநாடிக்குள் எனக்குத் தோன்றியது என்பதை எழுதத்தான் வேண்டும்.

"தமிழிலை சொன்னாலும் பிள்ளைக்கு விளங்குதில்லை எண்டு ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறா," என்றேன்.

ஒரு ஆசிரியை என்று சொன்னேன்.

அன்ரன் நெற்றியைச் சுருக்கினார். "அதென்னெண்டு அவவுக்குத் தெரியும்? இங்கை தமிழ் தெரிஞ்ச ஆள்..."

அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்களோ ரீச்சர்?"

"ஓம்."

அதிபர் பிரெஞ்சில், என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் ஜெசிந்தா பேசினார். அதுவரை ஒரு சொல்லும் சொல்லாதவர்.

"ரீச்சர், அவள் உங்களோடை கதைச்சவள்."

"எப்ப?"

"வந்த முதல் கிழமை. வீட்டை வந்து துள்ளித் திரிஞ்சவள். தமிழ் மிஸ் ஒராள் இருக்கிறாவாம் எண்டு. அடுத்த நாள் வந்து சொன்னவள், அந்த மிஸ் தமிழ் கதைக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டா எண்டு. அதுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒண்டும் சொல்லுறேல்லை."

அவர் குரலை உயர்த்தவில்லை. எனக்கு ஏதோ மறந்துபோய்விட்டது என்று நினைத்து, ஞாபகப்படுத்துகிறவர்போலத்தான் சொன்னார்.

ஜாக்கெட் கொழுவுமிடம்

எனக்கு ஞாபகம் வந்தது.

இலை கொட்டி முடிந்த காலம். இடைவேளைக்குப் பிள்ளைகள் கொழுவுமிடத்துக் கொக்கிகளிலிருந்து ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தள்ளுப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வகுப்பு வாசலில் நான் வண்டிலோடு நின்றேன். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி என் கையைத் தொட்டாள்.

"மிஸ், நீங்க தமிழா?"

நான் தலையாட்டியதும் அவள் தொடங்கிவிட்டாள். ஒரு கிளவுஸைக் காணவில்லையாம், இங்கேதான் வைத்தாளாம், அந்தப் பச்சை ஜாக்கெட் பெண் எடுத்திருப்பாளோ தெரியவில்லையாம், அவளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லையாம், மிஸ் கேட்டுச் சொல்ல முடியுமா. மூச்சு விடாமல் சொன்னாள். அவ்வளவு நாளும் சேர்த்து வைத்திருந்த பேச்சு.

நடைபாதையின் அந்த முனையில் அதிபர் வந்துகொண்டிருந்தார். பாடசாலைக்குள் பிரெஞ்சு மட்டும்தான் பேச வேண்டும், ஆசிரியர்கள் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று அந்தக் கிழமைதான் கூட்டம் வைத்துச் சொல்லியிருந்தார். நான் வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் இருந்தவள்.

"இங்கை தமிழ் கதைக்கக் கூடாது பிள்ளை. பிரெஞ்சிலை சொல்லு," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. அதிபருக்குக் கேட்கும்படி.

அவளுக்குப் பிரெஞ்சில் அப்போது 'போன்ஜூர்' தவிர ஒன்றும் தெரியாது. வாயை மூடினாள். ஒரு கையில் மட்டும் கையுறையோடு வெளியே போனாள். ஒரு வருடம் கழித்து நான் காதருகே குனிந்து தமிழில் பேசியபோது, அது தமிழ் பேசவைத்து அவளைப் பிடிப்பதற்கான தந்திரம் என்றுகூட அவள் நினைத்திருக்கலாம்.

மேசையைச் சுற்றி நான்கு பேரும் காத்திருந்தார்கள். நான் ஜெசிந்தா சொன்னதைப் பிரெஞ்சில் சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "தாய் சொல்வது உண்மை. நான் எழுதிய வசனம் பிழை. அந்தப் பிள்ளை தமிழில் சரளமாகப் பேசியதை என் காதாலேயே கேட்டவள் நான். மறந்துவிட்டேன்," என்றேன்.

"நீங்கள் மொழிபெயர்க்க வந்திருக்கிறீர்கள்," என்றார் அதிபர்.

"அந்த வசனத்தை எழுதியவளாகவும் இருக்கிறேன்."

உளவியலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் என் முடிவுக்கு அடிப்படை இல்லை," என்றார்.

அதிபர் கெட்டவர் இல்லை. அவருடைய கவலையும் உண்மையானது. தனி வகுப்பில் அடுத்த வருடத்துக்கான இடங்களை அந்த மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். இந்த இடத்தை விட்டுவிட்டு, பிள்ளைக்கு உண்மையிலேயே குறைபாடு இருந்தால், அதற்குப் பிறகு ஒரு உதவியும் கிடைக்காது. "அந்தப் பொறுப்பை யார் எடுப்பது?" என்று என்னைப் பார்த்தே கேட்டார். உளவியலாளர் இரண்டு கிழமை அவகாசம் கேட்டார்.

அது கிடைத்தது. இந்த முறை தமிழில் பரிசோதிப்பதென்று முடிவாயிற்று. நான் அந்த அறைக்குள் இருக்கக் கூடாது என்றும் முடிவாயிற்று.

அன்ரன் கோட்டுக்குமேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போனார்.

சென்ட்-ஆனிலிருந்து வந்த பெண்

அந்த இரண்டு கிழமையும் எனக்கு ஒரே கேள்விதான். ஒருவேளை நான் எழுதியதுதான் சரி என்றால்? ஒரு நாள் கொழுவுமிடத்தில் பேசிய பிள்ளைக்கும் குறைபாடு இருக்கலாம். நான் என் மனச்சாட்சியைச் சுத்தப்படுத்த அவளுடைய இடத்தைப் பறித்துவிட்டேனோ?

உளவியலாளர் தேடிப்பிடித்தது கிருத்திகா என்ற பெண்ணை. கோயம்புத்தூரிலிருந்து வந்து, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கிறவள். தீவின் அந்த மேற்கு நுனியிலிருந்து செயின்ட்-மிஷேலுக்குப் பஸ்ஸும் மெற்றோவுமாக வர வேண்டும். பரிசோதனை நாளன்று உறைமழை. ஒன்பது மணிக்கு வர வேண்டியவள் ஒன்பதரைக்கும் வரவில்லை. உளவியலாளர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். டிலானி அறைக்குள் கதிரையில் கால் எட்டாமல் இருந்தாள். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிருத்திகா முடியெல்லாம் ஈரமாக ஓடி வந்தாள்.

எனக்கு அந்த நேரம் பாடமில்லை. அறைக்கு எதிரே இருந்த அலுமாரியில் புத்தகங்களை அடுக்குகிற சாட்டில் நின்றேன்.

கதவு மூடியது. உளவியலாளரின் குரல். கிருத்திகாவின் குரல். பிறகு ஒன்றுமில்லை. மறுபடியும் கிருத்திகாவின் குரல். ஒன்றுமில்லை. கால் மணி நேரம் அப்படியே போனது. நான் ஒரே புத்தகத்தை மூன்று தடவை எடுத்து வைத்தேன்.

உள்ளே நடந்ததை கிருத்திகாதான் பிறகு எனக்குச் சொன்னாள். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி என்னவென்று கேட்டிருக்கிறார்கள். டிலானி மேசையையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒரு படத்தில் முன்னால் பெரிய பற்சக்கரம் வைத்த ஏதோ ஒரு வாகனம். இங்கே வந்து நாலு மாதமே ஆன கிருத்திகாவுக்கு அது என்னவென்று தெரியவில்லை. "இது என்னன்னு எனக்கே தெரியலையே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளாம்.

அப்போதுதான் கதவுக்கு வெளியே எனக்கு அந்தக் குரல் கேட்டது. நான் நினைத்ததைவிடக் கட்டையான குரல்.

"அக்கா, அது பனி அள்ளுற வண்டி."

"அப்படியா?"

"ஆமா. முதல்ல ஒரு சைரன் அடிக்கும். ஓரமா நிக்கிற காரை எல்லாம் எடுக்கச் சொல்றதுக்கு. எடுக்கலன்னா இழுத்துட்டுப் போயிடுவாங்க. மாடி வீட்டு அங்கிளோட காரை ரெண்டு தடவை இழுத்துட்டுப் போயிட்டாங்க. அப்புறம்தான் இந்த வண்டி வரும். பனியை உறிஞ்சி லாரில துப்பும். உங்க தெருவுக்கு வராதா அக்கா?"

"நான் பார்த்ததில்லையே."

"ஜன்னல்ல நின்னு பாருங்க. சூப்பரா இருக்கும்."

நான் கையிலிருந்த புத்தகத்தை அலுமாரியில் வைத்தேன். அவள் நிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் பேசினாள்.

ஜூன்

டிலானிக்குக் குறைபாடு எதுவும் இல்லை என்று புதிய அறிக்கை வந்தது. தமிழ் வாசிப்பு வயதுக்கு ஏற்றதாக இருந்தது. அவள் பாடசாலையில் பேசுவதை நிறுத்தியிருந்தாள், அவ்வளவுதான். வரவேற்பு வகுப்பிலேயே இன்னொரு வருடம், தனியாகப் பிரெஞ்சு உதவியோடு. தேவையானால் வகுப்பில் தமிழில் கேட்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார் உளவியலாளர். மே மாதமளவில் பக்கத்துப் பிள்ளையிடம் அழிறப்பர் கேட்டாளாம். பிரெஞ்சில்.

என் வசனத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடும்படி அதிபரிடம் கேட்டேன். பதிவான எதையும் எடுக்க முடியாது, விளக்கம் எழுதினால் பின்னால் இணைக்கலாம் என்றார். எழுதிக்கொடுத்தேன். அது இப்போதும் என் வசனத்துக்குப் பின்னால் இருக்கிறது.

அடுத்த வருடத்துக்கான ஆங்கிலப் பாடவேளைகள் வேறொருவருக்குப் போயின. காரணம் கேட்கவில்லை. நகரின் மேற்கே, நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பாடசாலை கிடைத்தது.

வருட முடிவில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. வாகனத் தரிப்பிடத்தில் அன்ரன் தனியாக நின்றார். மூன்று மாதமாக என்னோடு பேசாதவர். நான் கிட்டப் போனேன். அவரே பேசினார்.

"உங்களுக்கு நன்றி சொல்லவேணும் எண்டு ஜெசிந்தா சொல்லுறா. எனக்கு வாய் வருதில்லை ரீச்சர். ஒன்றரை வருசம் என்ரை பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கு."

"சொல்ல வேண்டாம் அன்ரன். நான் அதுக்கு வரேல்லை."

அப்போது மண்டபத்துக்குள்ளிருந்து டிலானி ஓடி வந்தாள். என்னைக் கண்டதும் நடை குறைந்தது. தகப்பனின் பக்கத்தில் வந்து நின்றாள். நான் குனிந்தேன்.

"டிலானி, உன்னைத் தமிழ் கதைக்க வேண்டாம் எண்டு சொன்னது என்ரை பிழை. எனக்கு மன்னிப்புத் தருவியோ?"

அவள் என்னைப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை. யோசித்துப் பதில் சொல்கிற பார்வை.

"செ பா கிராவ், மதாம்," என்றாள்.

பரவாயில்லை மதாம், என்று பிரெஞ்சில். உச்சரிப்பில் ஒரு பிசிறும் இல்லை.

பிறகு தகப்பனின் விரலைப் பிடித்து இழுத்தாள். "வாங்கப்பா, சோறு ஆறுது. அம்மா கூப்பிடுறாங்க," என்று தமிழில் சொல்லிக்கொண்டே அவரை உள்ளே கூட்டிப்போனாள்.